ஏணியில் நின்ற அண்ணன்

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரே மகள். அவள் கல்யாணத்தைச் சின்னதாக முடித்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு சீன உணவகம் ஒன்றில் மதிய விருந்து. மணமக்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது அங்கேதான் என்பதால் அவர்களே தேர்ந்தெடுத்த இடம் அது. மாடியில் தனி அறை, ஒரே வட்ட மேசை, பன்னிரண்டு நாற்காலி.

"அதுக்கு மேல போனா குடும்பம் இல்லீங்க, கூட்டம்," என்றார் சம்பந்தி. அவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். சம்பந்தியம்மாள் வங்கி மேலாளர். தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கும் ரகம் இருவரும்.

பெண் வீட்டுக்கு ஆறு நாற்காலி. அதில் தன் அண்ணனும் அண்ணியும் உட்கார வேண்டும் என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது அவர் மனைவி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். அப்போது குழந்தையைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டது அண்ணன். கோணல்மாணலாக என்றாலும் தினம் தலை பின்னிவிட்டதும் அண்ணன்தான்.

ஆனால் அண்ணனுக்கு வாய் அதிகம். ஏசி பழுது பார்க்கிற தொழில். போகிற வீட்டிலெல்லாம் ஒரு கதை பிடித்து வருவார், அதைப் போகிற வீட்டிலெல்லாம் சொல்வார். அவர் சிரித்தால் அடுத்த தெரு நாய் குரைக்கும். உறவுக்காரர்கள் அவருக்கு 'வெடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பு ஒரு தடவை பெண் பார்க்க வந்த பையனைப் பார்த்து, "நெத்தி எங்க முடியுது, தலை எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு கோடு போட்டு வச்சா நல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதற்குக் காரணம் வேறு. இருந்தாலும் கண்ணாடிக்கடைக்காரர் பழியைத் தூக்கி அண்ணன் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்.

"கையெழுத்து மட்டும்தான் அண்ணா. விருந்து கிருந்து எதுவும் இல்ல. அப்புறமா நம்ம வீட்டுல சாவகாசமா வச்சுக்கலாம்," என்று அண்ணனிடம் சொன்னார்.

"அதனால என்னடா. பையன் புள்ளைய நல்லா வச்சுக்குவானா? அது போதும்," என்றார் அண்ணன்.

மகளிடம், "பெரியப்பாவுக்கு வெளியூர்ல பெரிய வேலை ஒண்ணு மாட்டிக்கிச்சும்மா," என்றார். ஒரு பொய் விழாமல் இருக்க இன்னொரு பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்தியாயிற்று. காலியான இரண்டு நாற்காலிக்கு கடைக்கு லென்ஸ் தருகிற கம்பெனியின் மேலாளரையும் அவர் மனைவியையும் அழைத்தார். அளந்து பேசுகிற மனிதர்கள்.

"அன்னிக்கு உங்களுக்குச் சோறு தொண்டையில இறங்குமா?" என்று மனைவி கேட்டாள். அவர் காதில் விழாத மாதிரி எழுந்து போனார்.

கையெழுத்து நல்லபடியாக முடிந்தது. மணமக்கள் மணப்பெண்ணின் தோழியோடு படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போக, மற்றவர்கள் உணவகத்துக்கு வந்தார்கள். மேசை நடுவே சுழலும் கண்ணாடித் தட்டு. அதில் சூப்பும் ஆவியில் வெந்த உருண்டைகளும் வலம் வந்தன. சம்பந்தி குச்சிகளைப் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்க, கண்ணாடிக்கடைக்காரர் பிடித்த உருண்டை மூன்று முறை நழுவியது. எல்லாரும் மெல்லச் சிரித்தார்கள். இதுதான் மரியாதையான சிரிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அறைக்குள் புழுக்கம் ஏறிக்கொண்டே வந்தது. சம்பந்தியம்மாள் உணவுப் பட்டியல் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள். உணவக மேலாளர் ஓடி வந்து, "மன்னிக்கணும், ஏசி மக்கர் பண்ணுது. ஆள் வந்துட்டாரு, சீக்கிரமா பாத்துடுவாரு," என்றார்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் ஏணியும் மறு கையில் பையுமாக உள்ளே வந்தது அண்ணன்.

தம்பியைக் கண்டதும் அவர் முகம் விரிந்தது. வாயும் திறந்தது. அதற்குள் கண் மேசையைச் சுற்றி வந்துவிட்டது. புதுக் கோட்டு போட்ட தம்பி, பட்டுப் புடவையில் தம்பி மனைவி, பார்த்தேயிராத முகங்கள், காலி நாற்காலிகளில் வைத்திருந்த இரண்டு மாலைகள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். ஏணி போடணும்," என்றார்.

அவர் 'சார்' என்றது தம்பியைப் பார்த்து. கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியை நகர்த்தினார். அந்த நேரத்தில் 'அண்ணா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனைவி அதற்காகவே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியின் கால் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தேய்ந்த செருப்பு ஒவ்வொரு படியாக ஏறி அவர் காதைத் தாண்டி மேலே போனது. மேலே ஏதோ மூடியைக் கழற்றும் சத்தம். கொஞ்சம் தூசி உதிர்ந்தது. சூப்பில் விழாமல் அண்ணன் உள்ளங்கையை ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

"பாவம், இந்தப் புழுக்கத்துல," என்றாள் சம்பந்தியம்மாள்.

"ஆமா," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அந்த 'ஆமா' அவர் காதுக்கே அந்நியமாகக் கேட்டது.

குளிர்ந்த காற்று வந்தது. அண்ணன் இறங்கி ஏணியை மடக்கும்போது கதவு திறந்து மணமக்கள் வந்தார்கள்.

"பெரியப்பா," என்று மகள் ஓடி வந்து, அழுக்குச் சட்டையோடு அவரைக் கட்டிக்கொண்டாள். "வெளியூர்ல வேலைன்னு அப்பா சொன்னாரே? எப்ப வந்தீங்க?"

அறையில் கண்ணாடித் தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரே ஒரு தடவை தம்பியைப் பார்த்தார்.

"வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சும்மா. இங்க ஏசி ஓடலைன்னாங்க. உங்க அப்பாவை வேர்க்க விடலாமான்னு வந்தேன்," என்றார்.

"நீங்க சம்பந்தியோட அண்ணனா? இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே," என்று எழுந்தே விட்டார் சம்பந்தி.

"வேலை பாக்கும்போது உறவு கொண்டாடினா கை நடுங்குங்க," என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பதின்மூன்றாவது நாற்காலி வந்தது. மகள் அதைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து, சட்டைக் கை மேசையில் படாமல் ஒடுங்கி உட்கார்ந்தார். வாத்து வந்தது, நூடுல்ஸ் வந்தது, தலையோடு முழு மீன் வந்தது. அந்த மீனின் முகத்தை வைத்து மட்டும் அரை மணி நேரம் பேசக்கூடியவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். 'சொல்லுங்க அண்ணா, எதையாவது சொல்லுங்க, என் மானம் போகிற மாதிரி ஒரு கதை சொல்லுங்க' என்று கண்ணாடிக்கடைக்காரர் மனசுக்குள் கெஞ்சினார். அண்ணன் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்க அண்ணன் ரொம்ப அமைதியானவர்," என்று சம்பந்தி அவர் காதருகே சொன்னார். "உங்க குடும்பமே அப்படித்தான் போல."

கண்ணாடிக்கடைக்காரருக்கு வாயில் இருந்தது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

விருந்து முடிந்து, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய அண்ணனைப் படிக்கட்டில் போய்ப் பிடித்தார். "அண்ணா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தார்.

"வேணும்னுதான் பண்ணின. விடு," என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. "உங்க அண்ணிகிட்ட மட்டும் நான் இங்க சாப்பிட்டேன்னு சொல்லிடாத. தன்னை மட்டும் விட்டுட்டாங்களேன்னு வருத்தப்படுவா."

அடுத்த வாரமே கண்ணாடிக்கடைக்காரர் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி எதிரிலேயே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அண்ணி அழுதாள், பிறகு காப்பி போட்டுக் கொடுத்தாள். அண்ணன், "பழசை எதுக்குடா கிளறுற," என்று பேச்சை மாற்றினார். சண்டை இல்லை, முகம் திருப்பல் இல்லை. போக்குவரத்தும் நிற்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான். முன்பெல்லாம் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நேரே சமையலறைக்குள் நுழைவார். இப்போது தெருமுனையில் நின்று போன் செய்கிறார்.

"தம்பி, வரலாமா? வீட்டுல யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்ல அண்ணா, வாங்க," என்று சொல்லிவிட்டு, அவர் வந்து சேர்வதற்குள் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து போய்க் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்.