வலை பொத்துபவரின் இடக்கை

யாழ்ப்பாணத்து அருங்காட்சியகம் ஒன்றில் பொருட்களைப் பதிவு செய்யும் வேலை சிவகௌரிக்கு. அன்று காலை அவளுடைய மேசைக்கு வந்தது ஒரு வெண்கலச் சிலை. மீனவர் ஒருவர் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். செய்தவர் பருத்தித்துறை வினிபிரட் கிருபைரட்ணம், ஆண்டு 2011. பழைய பதிவில் ‘மீனவர்’ என்று தலைப்பு. அதன்கீழ் ஒரு வரி: ‘இடக்கைச் சின்னவிரல் உடைந்துள்ளது.’

உயரத்தை அளந்தாள், எடை பார்த்தாள். பிறகு உடைவைக் குறிப்பதற்காக உருப்பெருக்கியை அந்தக் கையின்மேல் பிடித்தாள்.

உடைவே இல்லை. முறிந்த வெண்கலம் சொரசொரப்பாக இருக்கும். இங்கே, ஆறிய காயத்தை மூடிய தோல்போலச் சிறு சுருக்கம் ஒன்று இருந்தது. பக்கத்து விரல் மற்றவற்றைவிட அதிகமாக வளைந்து வலையின் கண்ணியைக் கொளுவிப் பிடித்திருந்தது. புறங்கையில் அந்த விரலுக்குரிய நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

சிவகௌரி இலக்கத்துண்டு கட்டும் நூலை எடுத்து, தன் சின்னவிரலை மடக்கிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். அவளுடைய மோதிரவிரலும் தானாக அப்படியே வளைந்தது. எவ்வளவு நேரம் பார்த்திருந்தால் ஒருவருக்கு இது கைவரும்!

உடனே வினிபிரட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் பள்ளியிலிருந்து இளைப்பாறிய சித்திர ஆசிரியை.

“ரீச்சர், இடக்கை விரல் உடைஞ்சதெண்டு இஞ்ச எழுதிக் கிடக்கு.”

“ஆர் எழுதினது? அது சந்தியோகு அண்ணையின்ரை கை. தோணி இழுக்கேக்கை கயிறு சுத்தி விரல் அறுந்து போட்டுது. முதல் நான் வார்ப்பு மெழுகிலை அஞ்சு விரலும் வைச்சுத்தான் செய்தனான், அவர் வெக்கப்படுவார் எண்டு நினைச்சு. பாத்திட்டு, ‘உது என்ரை கையில்லை’ எண்டிட்டார். கை முழுவதையும் உருக்கிப்போட்டுத் திருப்பிச் செய்தன், பிள்ளை.”

“அவரின்ரை பேரையே தலைப்பாப் போடட்டோ?”

“கேட்டுச் சொல்லுறன்.”

சிவகௌரி பழைய வரியை வெட்டினாள். ‘இடக்கையில் நான்கு விரல்கள், கலைஞர் செய்தபடியே உள்ளது. சேதம் இல்லை’ என்று எழுதினாள்.

தலைப்புக்குச் சந்தியோகு ஓமென்றார். ஆனால் வார்த்துவந்த சிலையை அவர் ஒருநாளும் கண்டதில்லையாம். சனிக்கிழமை அவரும் வினிபிரட்டும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

சந்தியோகு சிலையிலிருந்த தன் முகத்தை ஒருதரம்தான் பார்த்தார். பிறகு குனிந்து, வெண்கல வலையை முடிச்சு முடிச்சாக நெடுநேரம் பார்த்தார். வினிபிரட் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

“ஒரு முடிச்சும் பிழைக்கேல்லை” என்றார் சந்தியோகு. “எங்கடை மீன்வாடியிலையே உப்பிடிக் கட்ட ரெண்டு பேர்தான் இருக்கினம். எங்கை ரீச்சர் பழகினனீங்கள்?”

“உங்களைப் பாத்துத்தான்.”

எத்தனையோ கண்காட்சிகளில் பாராட்டுக் கேட்ட வினிபிரட்டின் முகம் அப்போது சின்னப்பிள்ளையின் முகம்போல மலர்ந்ததைச் சிவகௌரி கண்டாள். இருவரும் உட்காரக் கதிரைகள் எடுத்துவர அவள் போனாள்.