மூன்றாம் பகுதியை நான்தான் தூக்கினேன்

1.

இந்தக் கதை என் வீட்டுக்காரர் வாயிலிருந்து திருடியது. அவர் புரோகிராமர். ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகளை முட்டிக்கொள்ளாமல் வரிசையில் நிறுத்தும் நிரலைப் பல வருடமாக எழுதுகிறார். வரிசையில் ஒவ்வொரு வேலைக்கும் தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது மட்டும்தான் தெரியும். நடுவிலிருந்து ஒன்று விலகினால் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனதைப் பிடிக்க அவர் ஒரு காவல் வரி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வேலையிடமும் அது கேட்கும்: உனக்கு முன்னால் நிற்பவன், தனக்குப் பின்னால் நீதான் என்கிறானா? இல்லையென்றால் மொத்த நிரலும் அங்கேயே விழுந்துவிடும்.

போன வாரம் விழுந்தது.

(முதலில், “மழை கொட்டிய ஒரு மாலையில், திரையின் முன் அவன்” என்று தொடங்கினேன். “ஏசி ரூம்ல எங்க மழை பெஞ்சுது?” என்றார். அடித்துவிட்டேன்.)

2.

பிழையைப் பிடிக்க அவர் உட்கார்ந்து பார்த்தால் நிரல் சமர்த்தாக ஓடுகிறது. பார்ப்பதற்கென்று சேர்க்கும் வரிகள் ஓட்டத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்த, பிழை அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்கிறதாம்.

“இன்னொரு தடவ விழுந்தா, இதத் தூக்கிப் போட்டுட்டு வேற புரோகிராம் வாங்கிடுவோம்” என்றார் மேலாளர்.

“பாத்துக்கிட்டு இருந்தா விழலையே சார்.”

“அப்ப பாத்துக்கிட்டே இருங்க.”

(ஒரு மேலாளர் இப்படியா பேசுவார் என்று எனக்கே சந்தேகம். வீட்டுக்காரரைக் கேட்டேன். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேனாம்.)

4.

மூன்றாம் பகுதியில் அவர் கண்டுபிடித்தபடி, பிழை இருந்த இடம்

ஐயோ.

மூன்றாம் பகுதி முழுக்க நிரல் வரிகள். என் தங்கை படிக்கும்போதே தூங்கிப்போனாள். கோபத்தில் அதைத் தூக்கிக் கடாசினேன். இரண்டிடமும் நான்கிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது கதைக்குள்ளிருந்து அவர் கத்துகிறார்.

“ஏம்மா, மூணுலதான நான் கண்டுபிடிச்சேன்! எந்த இடம்னு சொல்லு!”

“எனக்கு எப்படிங்க தெரியும்? அது ஒண்ணுமே புரியலையே.”

“புரியாமலா எழுதுன?”

“நீங்க சொன்னத அப்படியே எழுதுனேன்.”

“அப்ப நான் வீட்டுக்கு எப்படி வர்றது?”

எனக்கு அவர் வேண்டும். அவருக்கு அந்த நிரல் வேண்டும். அது போனால் மனிதர் உடைந்துபோவார்.

5.

முடிவு ஒன்று: மேலாளர் மனம் மாறி (சிரிக்காதீர்கள்)

முடிவு இரண்டு: தங்கைக்கு மூன்றாம் பகுதி நினைவிருந்து (அவள்தான் தூங்கிவிட்டாளே)

இந்த வரிக்கு வரும்போது அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். ஆனாலும் நிரல் விழவில்லை. காரணம் நீங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணை எடுத்தால் அது விழும், அவர் உழைப்பெல்லாம் குப்பைக்குப் போகும், அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். எடுக்காவிட்டால் நிரல் பிழைக்கும், அவர் அங்கேயே இருப்பார்.

எது வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது.