மூடி பிரிந்த இரண்டு தட்டுகள்

1

சாகாவரத்தின் விலை ஒரு மாதச் சம்பளம். தபால் செலவு தனி. பேரம் பேசினால் தபாலில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், வரத்தில் ஒரு காசு குறையாது. இடம் கொடுத்தால் சாகாமல் பெருகும் எலி உயிரணுக்களைக் குப்பியில் உறையவைத்து விற்கிறார்கள் என்று, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அண்ணி சொன்னார். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அந்தப் பேச்சில்தான். இலவசமாக.

2

முதல் தொடக்கம்: "ஆய்வுக்கூடத்தில் ஆழ்ந்த மௌனம்..." (பொய். குளிர்ப்பெட்டி நாள் முழுக்க உறுமுகிறது.)

இரண்டாவது: "அண்ணி கொஞ்சம் அவசரக்..." (படித்துவிடுவார். வேண்டாம்.)

நேராகவே சொல்கிறேன். இந்த உயிரணுக்கள், மூடி போட்ட சின்ன ஆய்வுத் தட்டின் அடியில் ஒற்றை அடுக்காகப் பரவும். பக்கத்து உயிரணு இடித்ததும் மரியாதையாக நின்றுவிடும். அண்ணி பத்துத் தட்டுகளுக்கும் முதலில் துளி நஞ்சு கொடுத்தார். உள்ளே அடி, வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஐந்து தட்டுகளுக்கு மட்டும், ஆறு வாரம், பிளாஸ்டிக்கை இளக்கும் ஒரு ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அது தானாக வம்பைத் தொடங்காது. ஏற்கெனவே அடிபட்டவனுக்குத் தூபம் போடும். (எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் யார் என்று கேட்காதீர்கள்.) தூபம் ஏற ஏற உயிரணுக்கள் அடுத்தவர் தலைமேல் ஏறிக் குவியும். புற்றுநோயை நோக்கிய நடை அது. குவியல்களை எண்ணுவதுதான் சோதனை.

3

தட்டின் பெயரை அடிப்பாகத்தில்தான் எழுத வேண்டும். எட்டில் அண்ணி அப்படியே எழுதினார். மிச்ச இரண்டின் (ஒன்று சொட்டு விட்டது, ஒன்று விடாதது) அடி ஈரமாக இருந்து பேனா பிடிக்காததால், மூடியில் எழுதிவிட்டார். ஆறு வாரம் கழித்துச் சாயம் போடும்போது அந்த இரண்டு மூடிகளும், எது எந்தத் தட்டுடையது என்று தெரியாமல், கழுவும் தொட்டியில் ஒன்றாகக் கிடந்தன. ஒரு தட்டில் பதினோரு நீலக் குவியல்கள், மற்றதில் ஒன்றுமில்லை.

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்றார் அவருடைய மேலதிகாரியான டாக்டர். "பதினொண்ணு இருக்கறதுதான் சொட்டு விட்ட தட்டு. பாத்தாலே தெரியுதே!"

"பாத்தாலே தெரியும்னா ஆறு வாரம் எதுக்கு சார் சொட்டு விட்டேன்?"

"குழந்தைங்க கடிக்கிற பொம்மையில இருக்கும்மா இது. அஞ்சுக்கு அஞ்சு இல்லன்னா அறிக்கைய வாங்க மாட்டாங்க. மறுபடி ஆறு வாரம். உன் ஒப்பந்தம் இன்னும் நாலு வாரம்தான், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதனாலதான் நீங்க சொல்றது எனக்கு ரொம்ப நியாயமா படுது. அதான் பயமா இருக்கு."

4

முடிவு அ: அண்ணி மூடிகளைப் பொருத்தமாக மாட்டினார். பொம்மைகள் திருந்தின, ஒப்பந்தம் நீண்டது.

(இதைப் படித்ததும் அண்ணியிடமிருந்து ஃபோன். "ஏன் தம்பி, வியாபாரத்துக்கு என் மானம்தான் கிடைச்சுதா? நான் மாட்டல."

"அப்புறம் என்னதான் செஞ்சீங்க அண்ணி?"

"எண்ணினத எண்ணின மாதிரி எழுதி கையெழுத்து போட்டேன். டாக்டர் பேனாவ திறந்துகிட்டு நின்னார்."

"நின்னு?"

"நான் வந்துட்டேன்.")

முடிவு ஆ: டாக்டர் அந்தப் பேனாவால்...

5

மேலே எழுதினால் பொய் சேரும். அண்ணியின் ஆய்வு நோட்டின் பக்கத்தை அப்படியே தருகிறேன், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்:

சொட்டு விட்டவை, நான்கு: 9, 12, 7, 10
விடாதவை, நான்கு: 0, 1, 0, 0
எதுவென்று தெரியாதவை, இரண்டு: 11, 0
செய்தவர்: கையொப்பம் உள்ளது
சரிபார்த்தவர்: