ஐந்தாவது சத்தம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எருமப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் உட்கார்ந்து, செங்கோட்டையன் என்று அந்தக் காலத்து ஒருவரைப் பற்றி என் இலைக்கு மேலே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"கெணத்து வேட்டுலதானுங்க அவரு செத்தாரு."

"அட, சாவவே இல்லீங்க. அவரு பேரன் அதா ரசம் ஊத்திக்கிட்டு வாரான் பாருங்க!"

(பேரன் இருப்பதாலேயே தாத்தா பிழைத்தார் என்றாகாது. மகன் முன்பே பிறந்திருக்கலாம் அல்லவா?)

ரசம் ஊற்றியவரையே கேட்டுவிட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றார். ஆகவே, இனி வருவதெல்லாம் நான் நிரப்பியது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: முப்பதுகளில் ஒரு சித்திரை மாதம், வானம் கன்னங்கரேலென்று

வேண்டாம். கதைகளில் வானம் கறுத்துக் கறுத்து எனக்கே சலித்துவிட்டது.

அடுத்தது: வெயில் எப்படிக் கொளுத்தியது என்றால்

இதுவும் வேண்டாம். கட்டுத்தறியில் எருதுகள் இரண்டும் காலித் தொட்டியின் கல்லை நக்கிக்கொண்டிருந்தன. இது போதும். இதை அடிக்க மாட்டேன்.

3

எருதுகள் செங்கோட்டையனுடையவை. வற்றிப்போன கிணறும் அவனுடையதுதான். அதை ஆழப்படுத்த அவன் மனைவி உண்ணாமலையின் அண்ணன் அம்மாசி வந்திருந்தான். வேட்டு வைப்பதில் கைதேர்ந்தவன். அடிப்பாறையில் ஐந்து குழி போட்டு, கருமருந்தைக் கெட்டித்து, ஐந்து திரியையும் பற்றவைத்துவிட்டு ஆண்கள் இருவரும் வடத்தைப் பிடித்து மேலேறி, அதையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். (வடம் என்பது எருது பூட்டித் தண்ணீர் இறைக்கிற தடித்த கயிறு. அந்தக் கிணற்றுக்குள் இறங்க அதை விட்டால் வழியில்லை.)

வேட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. எத்தனை திரியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் உள்ளே ஒரு குழி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். மறுநாள்வரை யாரும் இறங்கக் கூடாது.

ஆண்கள் மண்மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, மண்ணில் முகம் புதைத்துக்கொண்டு எண்ணினார்கள். உண்ணாமலை எருதுகள் மிரளாமல் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி கட்டுத்தறியில் நின்றாள். கட்டுத்தறி கொல்லிமலையைப் பார்த்தது. அன்று மலைமேல் கோடை மேகம் திரண்டிருந்தது.

4

ஐந்து சத்தம் கேட்டது.

"அஞ்சும் போயிருச்சு மாப்ளே!" என்று அம்மாசி தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

கட்டுத்தறியிலிருந்து உண்ணாமலை ஓடிவந்தாள். "நாலுதானுங்கண்ணா! கடேசிக்கு முந்துனது இடி. மலை மேல மின்னுச்சு, நாங் கண்ணால பாத்தேன்."

"இடிக்கும் வேட்டுக்கும் வித்தியாசந் தெரியாமயா நாந் தொழில் பண்றேன்? ஏம் மாப்ளே, உனக்கு எத்தன?"

"அஞ்சுதான் மச்சான். உந் தங்கச்சி மாட்டு வாலப் பாத்து எண்ணிருப்பா." செங்கோட்டையன் கிணற்றை எட்டிப் பார்த்தான். புகை விலகியிருந்தது. அவன் குரல் மாறியது. "மச்சான்... அடியில என்னமோ மினுங்குது. தண்ணியாட்டம் இருக்குது."

"கல்லாக்கூட இருக்குமுங்க மாமா" என்றாள் உண்ணாமலை. "ஒரு மழ உழுவட்டும். மருந்து நனைஞ்சு போயிரும். அப்பறம் எறங்குங்க."

"மூணு நாளா இந்த மேகம் உறுமிட்டுப் போவுது. ஒரு சொட்டு உழுந்துச்சா? மாடு ரெண்டும் சாவக் கெடக்குது புள்ள."

செங்கோட்டையன் வடத்தைக் கையில் சுற்றினான்.

5

இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன். உண்ணாமலை என்ன செய்வாள்? ஒரு முறை அவளைத் தலைகுனிந்து நிற்கவைத்தேன். மூன்றாவது வரியிலேயே அவள் எனக்கு அந்நியமாகிவிட்டாள். இன்னொரு முறை காலில் விழுந்து கதறவைத்தேன். அழுகிற பெண்ணைப் பார்த்து ஆண்கள் இரக்கப்பட்டு நிற்கிற கதை அது. எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கே ஒரு சந்தேகமும் இருக்கிறது. மின்னலைப் பார்த்தாள், சரி. அந்த மின்னலுக்கு உரிய இடி, வேட்டோடு வேட்டாக ஒரே நொடியில் விழுந்திருந்தால்? அப்படியானால் கேட்ட ஐந்தும் வேட்டுதான், ஆண்கள் சொல்வதே சரி. அவளுக்கும் உள்ளே இது உறுத்தியிருக்கும். உறுத்தியும்தான் அதைச் செய்தாள்.

6

புருஷன் கையிலிருந்த வடத்தைப் பிடுங்கி, மொத்தமாகச் சுருட்டிக் கிணற்றுக்குள் போட்டாள். அது விழுந்த சத்தம் வர நேரமாயிற்று.

"அடியே! எங்கப்பங் காலத்து வடம்டீ!"

"எடுத்துக்கலாமுங்க. நாளைக்கு."

"என்ற மொகத்துல கரியப் பூசிட்டயே அம்மிணி" என்றான் அம்மாசி. "ஊருக்குள்ள இனி எவன் என்னைய வேட்டுக்குக் கூப்புடுவான்?"

"நாளைக்கு நாலு பேரு முன்னால நானே சொல்றேனுங்கண்ணா, எனக்கு எண்ணத் தெரியாதுன்னு. இன்னைக்கு எறங்க உடமாட்டேன்."

செங்கோட்டையன் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனான். அந்தத் தோட்டத்துக்காரர்களின் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

7

முடிவு ஒன்று: அவன் இறங்கி, ஒரு கை ஈர மண்ணோடு சிரித்துக்கொண்டு ஏறிவந்தான். அதற்கப்புறம் ஆயுசுக்கும், இடி இடிக்கும்போதெல்லாம், "எண்ணு புள்ள, எண்ணு" என்று

முடிவு இரண்டு: அவன் பாதிக் கிணறு இறங்கியபோது

இதை எழுத என் கை வரவில்லை.

எனக்குத் தெரிந்தவரை மட்டும் சொல்கிறேன். இரவல் வடத்தைக் கட்டி, ஒரு காலைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டான். மறு கால் மேட்டில். உண்ணாமலை அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். "உடு புள்ள" என்றான். அவள் விடவில்லை. காற்று நின்றுபோயிருந்தது. எருதுகள் நக்குவதை நிறுத்தித் தலையைத் தூக்கின.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

பெரிய சத்தம், கால் அதிர. அதை நிச்சயம் எழுதுகிறேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். அது கேட்டதும் செங்கோட்டையன் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தானா, குனிந்து கிணற்றைப் பார்த்தானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உண்ணாமலை இரண்டையும் பார்க்கவில்லை. பிடித்திருந்த கையைத்தான் பார்த்தாள்.