வேகத்தின் சொந்தக்காரர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ஒரு வாகன நிறுத்துமிடத்தில் என் கண்ணில் பட்டது. மோட்டார் சக்கர நாற்காலியில் ஒருவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு போனார். நாற்காலி ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. பின்னாலேயே ஒரு பெண், திறந்த மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடினாள்.

"சிரிக்காதண்ணா! நீ சிரிச்சா நின்னுடுது!"

சிரித்தால் நிற்கும் வண்டி! எனக்குக் கை பரபரத்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

"அந்தி வெயில் பொன்னாய் உருகிய வேளையில் அவள்"

வேண்டாம். நானே படிக்க மாட்டேன்.

"மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு என்பது"

கொட்டாவி வருகிறது. நேராக விஷயத்துக்கு வருவோம்.

மடிக்கணினியோடு ஓடிய பெண்ணுக்கு அலுவலகத்தில் ரீசெட் என்று பெயர். எந்தச் சிக்கலோடு போனாலும், "ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்க" என்பாள். நாற்காலிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கணினி இருக்கிறது. அதற்கான நிரலை, அவர்கள் மொழியில் ஃபர்ம்வேரை, எழுதுவது அவள் வேலை. உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அண்ணன். விபத்துக்குப் பிறகு வீட்டோடு கிடந்தவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை முதல் நாள். யாரும் தள்ளாமல், சாலையைக் கடந்து, தானே போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

(அடித்துவிடலாமா இந்த வாக்கியத்தை? கேட்டால் அண்ணனே முதலில் சிரிப்பார். இருக்கட்டும்.)

3

அந்தத் தீப்பெட்டிக்குள் மூன்று செயலிகள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று, ஜாய்ஸ்டிக் என்ற கைப்பிடியைப் பார்த்து, கை தள்ளும் அளவுக்கு வேகம் வைக்கும். இன்னொன்று, பேட்டரி இறங்கினால் வேகத்தைக் குறைக்கும். மூன்றாவது, கை நடுங்கினால் வண்டியையே நிறுத்தும். மூன்றுக்கும் பொதுவாக நினைவகத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் 'வேகம்'. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். கடைசியாக எழுதியவர் சொல்தான் சக்கரத்திடம் எடுபடும்.*

* ஒரே ரிமோட்டுக்கு மூன்று பேர் உள்ள வீடு உங்களுக்கும் தெரியும்.

4

இங்கே, அவள் எழுதும் நிரலைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் ஒருவர் வருகிறார். எனக்கு இவர்மேல் சந்தேகம். கதைக்கு இவர் எதற்கு? வெட்டிவிடப் பார்த்தேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க இன்னோர் ஆள் வேண்டும்.

டெஸ்டர் உட்கார்ந்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. ரீசெட் உட்கார்ந்தாள். அப்போதும் ஓடியது. அண்ணன் உட்கார்ந்தார். பத்தடி போயிருப்பார், முகம் மலர்ந்தது, சிரிப்பு பொங்கியது, வண்டி வெட்டி வெட்டி நின்றது.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒழுங்கா ஓடுது சார். உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றார் டெஸ்டர்.

"நீங்க வேலைன்னு உட்கார்றீங்க. நான் வேலைக்குப் போகப்போறேன்னு உட்கார்றேன். கையப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு!"

ரீசெட்டுக்குச் சுரீரென்றது. ஒருமுறை அண்ணனின் கை நடுங்கி நாற்காலி சுவரில் மோதியது. அன்று பயந்துபோய், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் எழுதிச் சேர்த்ததுதான் அந்த மூன்றாவது செயலி. பயத்தில் நடுங்கும் கைக்கும் சந்தோஷத்தில் நடுங்கும் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அண்ணனின் கை 'ஓடு' என்று எழுத, தங்கையின் பயம் 'நில்' என்று அதன்மேலேயே எழுதிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று குதித்தாள். குதித்த பிறகுதான் அழுகை வந்தது.

5

வழி இருக்கிறது. எழுதும்போதே எனக்கு உற்சாகம் தாங்கவில்லை! ஒரு தகவலுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர். 'வேகம்' என்ற இடத்தில் அவர் மட்டும் எழுதுவார். மற்றவர்கள் அவரிடம் கோரிக்கை வைக்கலாம், அவ்வளவுதான். வாகன நிறுத்துமிடத்துத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, ரீசெட் மளமளவென்று மாற்றி எழுதினாள். ஒரே ஒரு வரி மிச்சம். கை நடுங்கிக்கொண்டே முன்னால் தள்ளினால், யார் கோரிக்கை ஜெயிக்கும்? கையா, காவலுக்கு நிற்கும் அந்த மூன்றாவது செயலியா?

அவள் விரல் நின்றுவிட்டது.

"என்னடி யோசிக்கிற?"

"ரோட்டு நடுவுல நிஜமாவே கை இழுத்துக்கிச்சுன்னா?"

"என் வேகத்துக்கு நீ யாரு?"

"தங்கச்சி."

"தங்கச்சின்னா கேளு. எழுதாத."

6

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன்.

அ) காவலை எடுத்துவிடுகிறாள். அண்ணன் சிட்டாய்ப் பறக்கிறார். சாலை நடுவில் கை இழுத்துக்கொண்டு

இல்லை, என்னால் எழுத முடியாது.

ஆ) காவலே ஜெயிக்கிறது. பத்திரமாய்ப் போகிறார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. தினமும்.

இ) கை நடுங்கினால் வண்டி நிற்காமல், கைப்பிடியை லேசாய் அதிர வைத்து 'போகலாமா?' என்று கேட்கிறது. மறுபடி தள்ளினால் போகிறது.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எழுதியும் முடித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது: ரீசெட் செய்த அதே காரியத்தைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன்? அவருடைய நாளைக் காலையின்மேல் நான் என் பயத்தை எழுதுகிறேன், அல்லது என் ஆசையை. போதாததற்கு, உங்கள் முடிவை எழுதிவிடப் பக்கத்தில் பேனாவோடு நீங்கள் வேறு.

அதனால் மூன்றையும் அடித்துவிட்டேன். ரீசெட் மடிக்கணினியை அண்ணன் பக்கம் திருப்பி வைக்கிறாள். மூன்று வழிகளையும் சொல்கிறாள், பயத்தையும் மறைக்காமல் சொல்கிறாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்கிறாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நீங்களும் சொல்லலாம். அவர் காது கொடுத்துக் கேட்பார். எழுதுவது மட்டும் அவர்.

அண்ணன் விசைப்பலகைமேல் கை வைக்கிறார். சிரிப்பு வருகிறது அவருக்கு. கை நடுங்குகிறது. யாரும் நிறுத்தவில்லை.

சொல்லுங்கண்ணா, எது?