திரையை அணைத்த பிறகு நூலா பாடியது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்கு ஒரு பூட்டுதான் காரணம். டப்ளினில் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் டெர்வ்லா, சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பூட்டுக்காரர் வரும்வரை என் சமையலறையில் தேநீர் குடித்தபடி சொன்னாள். அயர்லாந்தின் பாட்டு, நாடகம், நடனம் எல்லாவற்றையும் வெளிநாட்டு மேடைகளுக்கு அனுப்பிவைக்கும் அரசு அலுவலகத்தில் அவளுக்கு வேலை.

"எழுதிக்கோ. ஆனா எல்லாருக்கும் வேற பேரு வை" என்றாள்.

வைத்துவிட்டேன். டெர்வ்லா என்பதும் அவள் பெயரில்லை.

2

முதல் தொடக்கம்: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், டப்ளின் நகரத்தின்...

(அடித்தாயிற்று. இங்கே மழை ஒரு செய்தியே இல்லை.)

இரண்டாவது: கலைக்கு எல்லை கிடையாது என்பதை உலகமே...

(மந்திரி வாசிக்கிற உரை மாதிரி இருக்கிறது. இதுவும் போகட்டும்.)

மூன்றாவது: டெர்வ்லாவுக்குப் பாட வராது.

இது நிற்கும். இங்கிருந்தே போகலாம்.

3

டெர்வ்லாவுக்குப் பாட வராது. ஆனால் எது நல்ல பாட்டு என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஸ்லோவேனியாவின் தலைநகரான லுப்லியானாவில் நடக்கும் விழாவுக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு எழுந்தபோது, மேலதிகாரி ஃபியாக்ரா தரை அதிர ஆடும் நடனக் குழு ஒன்றைச் சொன்னார். டெர்வ்லா, அயர்லாந்தின் மேற்குக் கரையில் கனமாராவில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் நூலாவைச் சொன்னாள்.

(தமிழில் எழுதியதும் பெயர் கேள்வி கேட்பதுபோல் ஆகிவிட்டது. இருக்கட்டும், அவள் குணத்துக்குப் பொருந்துகிறது.)

நூலாவுக்குப் பக்கவாத்தியம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஐரிஷ் மொழியில் பாடுவாள். அண்ணன் கோல்மன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து, பாட்டின் போக்குக்கு மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்துப் பழக்கம் அது.

"ஒரு அம்மா கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும். அதைப் பாக்க எவன் வருவான்?" என்றார் ஃபியாக்ரா.

"வருவாங்க. நான் சொல்றேன்ல."

"பாதியில எழுந்து போயிட்டா?"

"என் தலைய எடுத்துக்குங்க."

"உன் தலைய வச்சு நான் என்ன பண்ண? அதையா ஆட விடுறது?"

ஆனாலும் ஒத்துக்கொண்டார். விழாக்காரர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: பாட்டின் பொருள் பின்னால் திரையில் ஓட வேண்டும். டெர்வ்லா கோல்மனிடம் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தார். நூலாவை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

(இந்த இடத்தில் எனக்கு டெர்வ்லா மேல் சந்தேகம் வந்தது. இத்தனை வருஷம் பாடகர்களோடு பழகியவள் கேட்காமலா இருப்பாள்? அவளிடமே சொன்னேன். "அண்ணன் சொன்னாப் போதும்னு நெனச்சேன். முட்டாள்தனம்தான். அப்படியே எழுது.")

4

லுப்லியானாவில் ஒத்திகையின்போது, விழா அமைப்பாளர் யெர்னெய் திரையைச் சோதித்துப் பார்த்தார். மேலே ஸ்லோவேனிய மொழி, கீழே ஆங்கிலம். நூலா திரும்பிப் பார்த்தாள். நின்று முழுக்கப் படித்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்காக அவர்களுடைய அம்மா கட்டிய பாட்டு அது.

"யாரு குடுத்தது இதை?"

"நான்தான்" என்றார் கோல்மன். "கேக்குறவங்களுக்குப் புரிய வேணாமா?"

"அம்மா அழுததை இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்க நீ யாரு?"

"அவ எனக்கும் அம்மாதான்!"

"அப்ப நீயே பாடிக்கோ."

கோல்மன் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

"திரை இருந்தா நான் இல்லை" என்று நூலா டெர்வ்லாவிடம் சொன்னாள். "படிக்கிறவன் கேக்க மாட்டான்."

"மன்னிச்சிருங்க, நூலா. உங்களைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதான் நீ கேக்கலை."

(ஐரிஷ்காரர்கள் அமைச்சரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இந்த 'நீ', 'நீங்க' வித்தியாசமெல்லாம் நான் போட்டது. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.)

யெர்னெய் கையைப் பிசைந்தார். "நோட்டீஸ்ல போட்டாச்சுங்க. உங்க தூதர் வேற வர்றாரு." ஃபியாக்ரா தொலைபேசியில் கத்தினார்: "திரையப் போடு, இல்லேன்னா நிகழ்ச்சிய ரத்து பண்ணு!"

டெர்வ்லா தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். "அணைச்சிடுங்க" என்றாள். "யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

5

அரங்கு நிறைந்தது. மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நூலா, மற்றது காலி. கோல்மனைக் காணவில்லை.

நூலா மேடை ஓரத்தில் நின்ற டெர்வ்லாவைப் பார்த்தாள். "ஏ பொண்ணு, இங்க வா."

"ஐயோ, எனக்கு இதெல்லாம் தெரியாது."

"கை இருக்குல்ல? நான் இழுக்கிற பக்கம் வந்தாப் போதும்."

எத்தனையோ பேரை மேடை ஏற்றியவள் அன்றுதான் முதல்முறை மேடையில் உட்கார்ந்தாள். நூலாவின் பிடி ஸ்டியரிங் பிடித்துப் பழகிய பிடி. பாட்டின் முதல் அடியிலேயே டெர்வ்லாவின் தோள் வலித்தது. ஒரு தம்பதி எழுந்து வெளியே போனார்கள். தூதர் திரையைத் தேடி அண்ணாந்து பார்த்தார். பிறகு டெர்வ்லா யாரையும் பார்க்கவில்லை. கை தானாகப் போனது. போன இடமெல்லாம் பாட்டு வந்தது. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

இந்த மாதிரிப் பாட்டுகளில் கடைசி வரியைப் பாட மாட்டார்கள். சாதாரணமாகப் பேசி முடிப்பார்கள். அந்த வரிக்கு வந்ததும் நூலா நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள். அரங்கின் கடைசியில், கதவோரம், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கோல்மன் நின்றார். அவள் காத்திருந்தாள். யெர்னெய் பதறிப்போய்த் திரையின் விசைக்குக் கை கொண்டுபோனார். டெர்வ்லா தலையாட்டித் தடுத்தாள்.

கோல்மன் அங்கிருந்தபடியே அந்த வரியைச் சொன்னார்.

("சினிமா மாதிரி இருக்கே" என்றேன். "நடந்தது அப்படி. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் டெர்வ்லா.)

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாள் ஃபியாக்ரா, நூலாவை எஸ்தோனியாவில் தாலின் விழாவுக்கும் அனுப்பலாமே என்றார், தனக்கே தோன்றிய யோசனை போல.

6

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நடைபாதையில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள். ஐரிஷில் பேசிக்கொண்டார்கள். டெர்வ்லா இருவருடைய கோட்டையும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அந்தப் பேச்சை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் கோல்மன் மன்னிப்புக் கேட்கிறார். (கேட்கிற ஆளாகத் தெரியவில்லை.)

இரண்டாவதில் நூலா அவரை ஓங்கி ஒரு அறை... (என் மனைவிக்குப் பிடித்தது இதுதான்.)

மூன்றாவதில் அவர், "சாப்பிட்டியா?" என்கிறார். (இது நான். கோல்மன் இல்லை.)

யெர்னெய் வந்து டெர்வ்லாவிடம் கேட்டிருக்கிறார்: "என்ன பேசிக்கிறாங்க?"

"தெரியலை" என்றாளாம்.

"உனக்குத்தான் ஐரிஷ் தெரியுமே. காதுல விழலையா?" என்று நான் கேட்டேன்.

"ஒரு சொல்லு விடாம விழுந்துச்சு."

"அப்பச் சொல்லு. கதைக்கு முடிவு வேணும்."

டெர்வ்லா கோப்பையை மேசையில் வைத்தாள். "அவங்க ரெண்டு பேரையும் கேட்டியா?"

கேட்கவில்லை. மூன்றையும் அடித்துவிட்டேன். நடைபாதையில் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாருங்கள், நாம் கொஞ்சம் தள்ளி நிற்போம்.