தாடையில் இரண்டு விரல்

இழப்பீட்டு அலுவலகத்திலிருந்து கணவனின் மனுவை விசாரிக்க வீட்டுக்கு வந்த அதிகாரி தேனொழுகப் பேசினாள். மனைவிக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. காரியம் இல்லாமல் யார் இப்படி இனிப்பார்கள்?

“வீட்டுல ஏதும் சண்டை சச்சரவு உண்டாம்மா?”

போட்டு வாங்குகிறாள்! சந்தேகச் சாவு எங்கே நடந்தாலும் முதலில் போய் உடலைத் தொட்டுப் பார்த்து, எப்போது, எப்படி என்று சொல்வது கணவனின் வேலை. அதைச் செய்து செய்தே மனசு நொறுங்கியவன் அவன். அந்த நோய் வேலையால் வந்ததல்ல, பெண்டாட்டியால் வந்தது என்று இவள் எழுதிவிட்டால் இழப்பீடும் கிடையாது, விடுப்பும் கிடையாது. திங்கட்கிழமை மறுபடி பிணத்தருகே போய் நிற்க வேண்டும். போனால் மனுஷன் முழுசாகத் திரும்ப மாட்டான் என்று மனைவி பயந்தாள்.

“சண்டையா? எங்களுக்குள்ளயா? மூச்!” என்றாள்.

அந்தப் புண்ணியவானோ சிரித்துக்கொண்டிருந்தான். “இத்தனை வருஷத்துல செத்தவங்க யாரும் என்மேல புகார் கொடுத்ததில்ல மேடம்.”

அட கடவுளே, இன்றைக்கு ஒரு நாளாவது மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாதா? அதிகாரியின் பேனா ஓடியது. சிரிக்கிறவனுக்கு என்ன நோய் என்றுதான் எழுதுவாள். உள்ளதைச் சொன்னால், மனைவிக்கே சில நேரம் அந்தச் சந்தேகம் வரும்.

டாக்டர் சீட்டை எடுக்க அவன் உள்ளறைக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. காய்ச்சலால் பள்ளிக்குப் போகாத மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் குனிந்து, இரண்டு விரலால் அவள் தாடையை அழுத்தி மெல்ல அசைத்துப் பார்த்தான். செத்த உடலில் விறைப்பு முதலில் தெரிவது அங்கேதான்.

கண்ணைத் திறக்காமலே மகள் சொன்னாள்: “இருக்கேன்ப்பா.”

அவன் சீட்டோடு திரும்பி வந்து, நடந்ததே தெரியாதவனாக உட்கார்ந்தான். அதிகாரி எழுந்து கட்டிலருகே போனாள்.

“பாப்பா, அப்படிச் சொல்லணும்னு யாரும்மா சொல்லிக்கொடுத்தா?”

மகள் கண்ணைக் கசக்கினாள். “அம்மாகிட்டதான் கத்துக்கிட்டேன்.”

அதிகாரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தேனெல்லாம் எங்கே போனதோ!

“அடிப்பாவி, நான் எப்படி சொல்லிக்கொடுத்தேன்?” மனைவி கட்டிலருகே ஓடினாள். எல்லாம் போச்சு.

“நீ சொல்லிக்கொடுக்கலம்மா. தூக்கத்துல அப்பா தொட்டா நீ சொல்லுவியே, ‘இருக்கேன், இருக்கேன்’னு. அதைப் பார்த்துதான் நானும் சொல்றேன். சொல்லலைன்னா அப்பா தொட்டுக்கிட்டே இருப்பாரு.”

கணவன் முகத்தில் சிரிப்பு இல்லை. “நானா?” என்று தன் விரல்களைப் பார்த்தான்.

மகள் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள். “உங்க வீட்டுல தூங்கறப்போ நீங்க என்ன சொல்லுவீங்க ஆன்ட்டி?”

அதிகாரி பேனாவை மூடினாள். பிறகு மனைவியிடம், “திங்கக்கிழமை அவரை அனுப்பாதீங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனைவி இத்தனை நாள் சாமி கும்பிட்டாள். இப்போது அது காதில் ஏறவில்லை. அவள் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.